கழுத்து முடிச்சு

ஏசுவின் பேரால் பாலைவனக் குகையில் ஒற்றை ஆளாய்க் கிடந்தவர்தான் பெஷிர். பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்காக நைலின் மேற்குக் கரையில் ஆண்கள் மடம் கட்டினார், கிழக்கே பெண்கள் மடம். கட்டியதோடு விட்டாரா? துறவி எவனும் பெண்முகம் பார்க்கக்கூடாது என்று சட்டமும் போட்டார். பெண்கள் மடத்துத் தலைவி தசீரி அவருடைய சொந்தத் தங்கை. அதெல்லாம் சட்டத்துக்குத் தெரியுமா என்ன? முப்பது வருஷம் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கிடந்தாள், பாவம்.

வந்துபோனவை துணிகள் மட்டும். அக்கரைத் துறவிகளுக்கு இக்கரைப் பெண்கள்தான் அங்கி நெய்தார்கள். அண்ணனுடையதை தசீரி வேறு யாரையும் தொடவிட மாட்டாள். கழுத்துப் பட்டியின் உள்ளே ஒரு சின்ன முடிச்சு போடுவாள். அங்கியில் தேவையில்லாத நூல் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். கண்டித்து ஆள் வரும் என்று பார்த்தாள். வரவே இல்லை. மனுஷர் கவனிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ஓடம் ஓட்டும் கிழத்துறவி கலூஜ் வந்தார். வழக்கம்போல வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார்.

"அம்மா, பெஷிர் அப்பாவுக்கு இனிமே அங்கி வேணாமாம். கோடித்துணி நெய்யச் சொன்னாரு."

தசீரி தறியை நிறுத்தினாள். "அவ்வளவு முடியலையா?"

"ரொட்டிய ஊறவெச்சுக் குடுத்தாலும் எறங்கல. அறுவடையப்பவே கண்ணும் போயிடுச்சு."

"கண்ணு தெரியலையா?" தசீரி எழுந்தாள். "அப்ப நான் வந்தா அவரு எப்படிப் பொம்பள முகத்தப் பார்ப்பாரு?"

கலூஜ் சட்டத்தை மறந்து திரும்பியே விட்டார். "ஐயையோ, வம்புல மாட்டிவிடாதீங்கம்மா! மத்தவங்களுக்குக் கண்ணு இருக்கே!"

"உங்கள மாதிரி முதுகக் காட்டிட்டு நிக்கட்டும். ஓடத்த எடுங்க."

அப்படியேதான் நடந்தது. அறுபது துறவிகள் சுவரைப் பார்த்து நிற்க, தசீரி நடுவே நடந்து போனாள்.

பெஷிர் எலும்பும் தோலுமாய்ப் பாயில் கிடந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நெய்து நெய்து காய்த்த அவள் விரல்களை அவர் தடவிப் பார்த்தார். பிறகு அவர் கை தன் கழுத்துப் பட்டிக்குப் போய் முடிச்சில் நின்றது.

"முப்பது வருஷமா கழுத்தக் குத்தியே எடுத்துட்டியே, புள்ள."

"அறுத்துப் போட்டிருக்கலாம்ல, அண்ணே?"

"அறுத்துட்டா, நீ அந்தக் கரையில இருக்கியா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தசீரி வாய்விட்டு அழுதாள். சுவரைப் பார்த்து நின்றவர்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்.

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். கல்லறை கட்டிக் கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயந்து, யாருக்கும் தெரியாத இடத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார். அந்த இடம் எது என்று தசீரிக்கும் சொல்லப்போவதில்லை.

கோடித்துணியை அவளே நெய்து அனுப்பினாள். கழுத்து வருமிடத்தில் ஒரு முடிச்சும் போட்டாள். குத்தக்கூடாதே என்று, இந்தத் தடவை வெளிப்பக்கமாகப் போட்டாள்.