செத்த நம்பர்

1
என் தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னதுதான் இந்தக் கதை. (அழுதாள் என்று எழுதினால் சண்டைக்கு வருவாள்.) என் கோபம் தணியட்டும் என்று பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். தணியவில்லை.

முதல் தொடக்கம்: "தொழிற்சாலையின் மேல் இளவெயில் மெல்லப் பரவி..." வேண்டாம். வெயில் என்ன தப்பு செய்தது?

இரண்டாவது தொடக்கம்: மருத்துவமனைப் படுக்கையருகே நாடித்துடிப்பைக் காட்டும் கருவிக்குள் ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு இருக்கும். ஒவ்வொரு போர்டிலும் நெட்வொர்க் முகவரி ஒன்றை எழுதி, அதே எண்ணை ஸ்டிக்கராக ஒட்டுவது தங்கையின் வேலை. உலகத்திலேயே ஓர் எண் ஒரு போர்டுக்குத்தான். ஒரே கட்டடத்தில் இரண்டுக்கு ஒரே எண் இருந்தால், ஒன்று பேசும்போது மற்றது ஊமையாகிவிடும்.

2
கைவசம் இருந்த எண்கள் தீர்ந்துபோயின. புதியவை வரப் பத்து நாளாகும். மேலாளர் காத்திருக்கவில்லை. கழித்துக்கட்டிய போர்டுகளின் எண்களைப் புதியவற்றுக்குப் போடச் சொன்னார். அங்கே அவற்றுக்குச் செத்த நம்பர் என்று பெயர். தங்கை இரண்டு முறை தயங்கிக் கேட்டாளாம்.

"செத்ததுக்கு எதுக்கும்மா அட்ரஸ்?" என்று சிரித்தாராம்.

அவற்றில் பதினொன்று சாகவில்லை. ரிப்பேர் மேசைக்காரர், ஒரு சின்ன உதிரிக்காக முழுப் போர்டையும் எறிய மனமில்லாமல், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சரிசெய்து நல்ல போர்டுகளின் பெட்டியில் சேர்த்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. (நல்லது செய்கிறவர்கள் ஏன்தான் திருடர்களைப்போல் ஒளித்துச் செய்கிறார்களோ!)

ஒரே எண் கொண்ட ஒரு ஜோடி ஒரே மருத்துவமனைக்குப் போய்விட்டது. ஒரு பெரியவரின் தடுமாறிய துடிப்பு நாற்பது நிமிஷம் நர்ஸ் மேசைத் திரைக்கு வரவேயில்லை. நர்ஸ் ஒருத்தி, போர்வை விலகியிருக்குமோ என்று எட்டிப்பார்க்கப் போனதால் அவர் பிழைத்தார்.

3
யாருக்கும் ஒரு நல்ல குணமாவது கொடுத்து எழுதுவது என் வழக்கம். மேலாளருக்கும் முயன்றேன்: "அவர் தன் மகளை மிகவும்..." அடித்துவிட்டேன். எனக்கு வரவில்லை. கடவுள் மன்னிக்கட்டும்.

அவர் செய்தது இவ்வளவுதான். 'ஓர் எண்ணைத் தவறுதலாக இருமுறை பதிந்துவிட்டேன்' என்று தானே ஒரு கடிதம் டைப் செய்து தங்கையிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், போடாவிட்டால் போகும். வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான்.

ஆனால் ஓர் எண் என்று எழுதிவிட்டால், மீதிப் பத்து ஜோடியை யாரும் தேடமாட்டார்கள்.

ரிப்பேர் மேசைக்காரர் அவளிடம் வந்தார். "போடாதம்மா. நான் சரிபண்ணி வச்சதையும் எழுதித் தர்றேன். ரெண்டு பேருமா கொடுப்போம்."

"நீங்க ரிடையராக நாலு மாசந்தானே இருக்குண்ணா."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். அந்தப் பத்தும் யார் தலைமாட்டுல இருக்கோ."

4
முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள்.
முடிவு இரண்டு: இருவரும் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கிறார்கள்.
முடிவு மூன்று: மேலாளர் மனம் திருந்தி... (இதை எழுத என் கை கூசுகிறது.)

நாளைக் காலை பத்து மணிக்குள் மேலாளருக்குக் கடிதம் வேண்டுமாம். "நீ எந்த முடிவை எழுதப்போறக்கா?" என்று கேட்டாள். நான் எழுதமாட்டேன். இரண்டாவதை எழுதினால் நான் நல்லவளாகிவிடுவேன், அவள் வேலையை விலையாகக் கொடுத்து.

நீங்கள் முடியுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டு மனிதர் யாராவது இப்போது மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கிறாரா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.