குட்டையனுக்கு வந்த போட்டி

என் புருஷன் ஆறரை அடி உயரம். அதனால் ஊர் அவனுக்குக் ‘குட்டையன்’ என்று பெயர் வைத்தது. ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் எங்கள் கடலோர ஊரில் செப்டிக் டேங்க் நிரம்பினால் குட்டையனின் லாரிதான் வரும். லெஸ்லி ஹாராக்ஸ் என்ற அவனுடைய நிஜப் பெயர் எனக்கும் வரி ஆபீசுக்கும் மட்டுமே தெரியும்.

ஊர்க்காரர்களை மட்டும் நம்பி லாரி ஓடாது. இங்கே விடுமுறை வீடு வைத்திருக்கும் மெல்பர்ன்காரர்கள் போனில் தேடித்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். ஈஸ்டருக்குள் அவர்கள் கிடைக்காவிட்டால் லாரியை விற்றுவிட்டு, அவன் பக்கத்து டவுன் கம்பெனிக்குக் கூலிக்குப் போக வேண்டும். ஆகவே இணையதளம் போட டார்க்வின் என்பவனைப் பிடித்தோம். லாரியைக் கண்டதுமே அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“முகப்புப் பக்கத்துல இது கூடவே கூடாது. ஜனங்க அழுக்கை வாங்கறதில்லை, நிம்மதியை வாங்கறாங்க.”

“அப்ப நாங்க என்ன வேலை செய்யறோம்னு எப்படித் தெரியும்?”

“தெரிய வேணாம் மொரீன். உணர்ந்தாப் போதும்.”

பக்கம் வந்தது. பனி மூடிய காடு, ஓர் அருவி. நடுவே, கம்ப்யூட்டரிலேயே தாடியை வழித்து, கோட்டு மாட்டிவிட்ட என் புருஷன். கீழே ‘லெஸ்லி ஹாராக்ஸ்: நீரின் அடுத்த பயணம்’. போன் நம்பர் போட்டால் அழகு கெட்டுவிடுமாம். ‘பயணத்தைத் தொடங்குங்கள்’ என்ற பொத்தானை அமுக்கினால் மறுபடியும் அதே அருவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்திருந்தான். பார்க்கிறவர்கள் போடும் ஸ்டாரும் கருத்தும் உடனுக்குடன் பக்கத்தின் உச்சியில் தெரியும்.

ஈஸ்டர் வந்துவிட்டது, போன் அடிக்கவில்லை. மனசு சரியில்லாமல் பப்புக்குப் போனோம். அதை நடத்தும் கிளெனிஸ் பீரை வைத்துவிட்டு குட்டையன் தோளைத் தட்டினாள்.

“கவலையே படாதே குட்டையா. எவனோ லெஸ்லியாம், கோட்டு போட்டுக்கிட்டு உன் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்திருக்கான். ஊரே சேர்ந்து அவனுக்கு ஒத்தை ஸ்டார் குத்திட்டோம்!”

“மூஞ்சியைப் பாரு. ஒரு டேங்க் மூடியைத் தொட்டிருப்பானா?” என்று போனில் அந்தப் படத்தைக் காட்டினான் மீன்கடை நெவில்.

நான் வெடித்தேன்.

“அறிவு கெட்டவங்களா! அந்த லெஸ்லி இவன்தான்!”

கிளெனிஸ் போனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “இவனா? இவனுக்குத் தாடைன்னு ஒண்ணு இருக்கா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பாசக்கார ஊர் இருக்கும்போது எதிரி எதற்கு? லாரி போனதுதான் என்று நினைத்தேன்.

அப்போது குட்டையனின் போன் அடித்தது. ஒரு பெண் போட்ட கூச்சல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“குட்டையன்தானே? மெல்பர்ன்லேர்ந்து லீவுக்கு வந்திருக்கோம், டாய்லெட் பொங்குதுங்க! அந்த லெஸ்லியைத்தான் கூப்பிட இருந்தேன். நல்லவேளை, அவன் பக்கத்துலயே உச்சியில ‘இவன் வேணாம், எங்க குட்டையனைக் கூப்பிடு’ன்னு வரிக்கு வரி உங்க நம்பரைப் போட்டிருக்காங்க.”

“தப்பிச்சீங்கம்மா. அவன் சுத்த மோசம்,” என்றான் என் புருஷன். பீரை என் பக்கம் தள்ளிவிட்டு லாரிச் சாவியோடு எழுந்தான். வாசலைத் தாண்டுவதற்குள் போன் மறுபடி அடித்தது.

கிளெனிஸ் தலையைச் சொறிந்தாள். “அப்ப எங்க ஒத்தை ஸ்டாரையெல்லாம் அழிச்சிடவா, மொரீன்?”

“கை வெச்சே, உடைச்சிடுவேன்,” என்றேன். “நெவில், நீ போட்டாச்சா?”