லாத்தாய் படத்துக்கு நான் போட்ட சத்தம்

லாத்தாயின் படத்தில் பேயே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரே அதைப் பேய்ப் படம் என்று நம்பி வந்ததற்கு முழுக் காரணம் நான்தான். ஒலிக்காரன் பெனி.

அது காதல் படம். நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போனவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். அவன் திரும்பி வருகிறான். கடற்கரையில் ஒரு முத்தம், நாலே விநாடி. நாயகியாக ஒப்புக்கொண்ட பெண் பாதியில் ஆக்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டாள். வேறு வழியில்லாமல் இயக்குநர் லாத்தாயே நடித்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் டோங்காவில் அண்ணனும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து காதல் காட்சி பார்க்கமாட்டார்கள். அத்தை மகள், மாமன் மகள்கூட எங்களுக்குத் தங்கைதான். காதல் படம் என்று போஸ்டர் ஒட்டினால் வீட்டுக்கு ஒருவர்தான் வருவார். நான் வவாவு தீவுக்காரன். இந்த ஊரில் எனக்குத் தங்கை முறையில் ஒருத்தியும் இல்லை. அதனால்தான் லாத்தாயோடு ஓர் அறையில் உட்கார்ந்து அந்த முத்தத்தை என்னால் வெட்டி ஒட்ட முடிந்தது.

அவளுடைய அண்ணன் ஃபொலாவு துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர். படப்பிடிப்பு தொடங்கியதிலிருந்து படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஊர் வரலைன்னாலும் பரவாயில்ல பெனி," என்றாள் லாத்தாய். "எங்கண்ணன் வந்து கடைசி வரைக்கும் உக்காரணும். பாதியில எந்திரிச்சுப் போனான்னா, நான் இனிமே கேமராவத் தொடமாட்டேன்."

"அப்ப முத்தத்தத் தூக்கிரு."

"தூக்கிட்டா அவ எதுக்குடா ரெண்டு வருஷமா காத்திருந்தா? அவன் கொண்டார்ற ஆப்பிளத் திங்கவா?"

அவள் தூங்கப் போன பிறகு முன்னோட்டத்தை நானாகவே மாற்றினேன். ஈரத் தலையோடு அவள் விடிகாலையில் கடற்கரையில் நடக்கிற காட்சி. யுகுலேலே இசையை எடுத்துவிட்டு, அடிவயிற்றில் உணர்கிற மாதிரி ஒரு தாழ்ந்த ரீங்காரம் வைத்தேன். வெயிலை உறிஞ்சி எல்லாவற்றையும் நீலமாக்கினேன். பிறகு இரண்டு விநாடி மௌனம். மனிதன் பயப்படுவது சத்தத்துக்கு அல்ல, அதற்கு முன்னால் வரும் மௌனத்துக்கு. மௌனம் முடிந்ததும் எங்கள் வீட்டுப் பன்றியின் உறுமலை நாலு மடங்கு மெதுவாக ஓடவிட்டேன். போட்டுப் பார்த்தபோது எனக்கே மயிர் குத்திட்டு நின்றது. போஸ்டரில் செம்பருத்தியை எடுத்துவிட்டு ஒற்றைக் கண்ணை வைத்தேன். பேய்ப் படத்துக்கு அண்ணன் தங்கை சேர்ந்து வரலாம், குற்றமில்லை.

மறுநாள் அதைப் பார்த்துவிட்டு லாத்தாய் கொதித்தாள். "எங்கத நாயகிய மோகினியாக்கி வச்சிருக்கியேடா, பாவி!"

"உள்ள வரவைக்கிறது என் வேல. உக்கார வைக்கிறது உன் வேல," என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு!

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. தேவாலய மண்டபத்து ஜன்னல்களில் கறுப்புப் போர்வை தொங்கவிட்டிருந்தோம். முந்நூறு பேர் வந்தார்கள், ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். ஃபொலாவும் வந்தார். எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு, தேவாலயத்துக்கு வருகிற கோலத்தில், இருபது உறவுக்காரர்களோடு வந்து முதல் வரிசையில் ஒலிபெருக்கியை ஒட்டி உட்கார்ந்தார்.

"வந்துட்டான்! பெனி, எங்கண்ணன் வந்துட்டான்!" லாத்தாய் என் தோளில் குத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மனுஷன் என் முன்னோட்டத்தை நம்பி அல்லவா வந்திருக்கிறார்! இன்னும் ஒரு மணி நேரத்தில், ஊர் முன்னால், சொந்தத் தங்கை முத்தம் கொடுப்பதைப் பார்க்கப் போகிறார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

படம் ஓடியது. "பேய் எங்கப்பா? தூங்கிருச்சா?" என்று யாரோ கேட்க, மண்டபம் சிரித்தது. ஃபொலாவு மட்டும் அசையவில்லை. கடைசி வரிசையில் ஒலிக்கருவிக்குப் பின்னாலிருந்து அவருடைய முதுகைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. பேய் வரும் வரும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கடற்கரைக் காட்சி வந்தது. அலைச் சத்தம். அதனடியில் லாத்தாய் ஒரு மெட்டை முணுமுணுக்கிறாள். அந்த அலையைப் பதிவுசெய்ய நான்கு விடியற்காலைகள் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறேன். திரையில் அவன் அவளை நெருங்கினான். என் மூளை வேலை செய்யவில்லை, விரல் வேலை செய்தது. அலையை அறவே நிறுத்தினேன். இரண்டு விநாடி மௌனம்.

"என்ன பண்ற?" லாத்தாய் என் கையைப் பிடித்தாள்.

பன்றியை அவிழ்த்துவிட்டேன்.

மண்டபமே அலறியது. பெண்கள் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். தடித்தடி ஆண்கள் குனிந்துகொண்டார்கள். நாலு விநாடியும் ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. காப்பாற்றிவிட்டேன் என்று நான் மூச்சு விட்டபோது, முதல் வரிசையில் ஃபொலாவு எழுந்தார். தலையைத் தொங்கப்போட்டபடி நடுவழியாக நடந்து, என்னைக் கடந்து வெளியே போனார்.

பின்னாலேயே ஓடினேன். வெளியே வெயிலில் கண் கூசியது.

"ஐயா, மன்னிச்சிருங்க. பேய்ப் படம்னு உங்கள ஏமாத்திட்டேன்."

"யார ஏமாத்தின?" என்றார். "காதல் படம்னு எம்பொண்டாட்டி படம் எடுக்க ஆரம்பிச்ச அன்னைக்கே சொல்லிட்டா. கண்ண மூடிக்கிட்டு உக்காரலாம்னுதான் வந்தேன்."

அவர் சாலையைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"மூடுன கண்ணத் திறக்கவே இல்ல தம்பி. காதால கேட்டுக்கிட்டே இருந்தேன். அவ பேசுறது, அல, அந்தப் பாட்டு… நல்லாத்தான் பண்ணிருக்கா எந்தங்கச்சி. கடைசி வரைக்கும் இருந்திருப்பேன். திடீர்னு காதுகிட்ட ஏதோ உறுமுச்சு." கையால் முகத்தைத் துடைத்தார். "பயந்துபோய்க் கண்ணத் திறந்துட்டேன்."

முந்நூறு பேரைக் கண்ணை மூடவைத்த சத்தம், மூடியிருந்த ஒரே ஆளைத் திறக்கவைத்துவிட்டது.

லாத்தாய் வாசலுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் ஃபொலாவு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையில் இறங்கி நடந்தார்.

"என்னடா சொன்னான்?"

"நல்லாத்தான் பண்ணிருக்கான்னு சொன்னார்."

"அப்புறம் ஏன்டா போறான்?"

உள்ளே கூட்டம் தரையை உதைத்து, அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.