வியாழக்கிழமைப் பூவாளிகள்

1

“ஒரு ஸ்டேஷனுக்கு அழகு எதுன்னு கேட்டா, கூரை விளிம்புல தொங்குது பாரு அந்த மர வேலைப்பாடு, அதுதான்,” என்றார் கிளைவ்.

“பூட்டாத பாத்ரூம்,” என்றார் ஹேசல்.

“நான் அழகைப் பத்திப் பேசிட்டிருக்கேன், ஹேசல்.”

“நானும் அதைத்தான்ப்பா பேசறேன். ஜனவரி குளிர்ல, ரயில் லேட்டுன்னு சொன்னப்புறம், பூட்டாத பாத்ரூம் ஒண்ணைப் பார்த்திருக்கியா நீ? எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

“அந்த மர வேலைக்கு நான் ஏணியில நின்னு பெயிண்ட் அடிச்சேன்.”

“தெரியுமே. முதுகு வலின்னு நீ இன்னும் சொல்லாம விட்டது ரயில் டிரைவர்கிட்ட மட்டும்தான்.”

இந்த உரையாடல் முழுவதும் கத்திக் கத்தி நடந்தது. கிளைவ் முதலாம் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார், ஹேசல் இரண்டாம் பிளாட்பாரத்தில். நடுவே தண்டவாளங்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன், டென்னிஸ் பார்ப்பவளைப் போல.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் கதை எழுத உட்காரவில்லை. எங்கள் ஆங்கிலேயச் சிற்றூரான ஹேதர்பெக்கின் ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வக் குழுவில் நானும் ஒருத்தி. பூந்தொட்டி வைப்பது, பெஞ்சைத் துடைப்பது, யார் அதிகம் துடைத்தார்கள் என்று சண்டை போடுவது எங்கள் வேலை. இந்தக் கோடையில் அழகான ஸ்டேஷன் போட்டிக்கு நடுவர் வருகிறார். குழுத் தலைவி பெவர்லி என்னிடம் சொன்னார்: “கோமி கண்ணு, நீதான் எழுத்தாளராச்சே. நம்ம ஸ்டேஷன் ஏன் அழகுன்னு ஒரே ஒரு பத்தி எழுதிக் குடு.”

நான் குடும்பக் காதல் நாவல்கள் எழுதுகிறவள். ஒரே ஒரு பத்தியில் எனக்கு ஒரு கதாநாயகி கதவைத் திறந்து உள்ளே வருவதற்குக்கூட இடம் போதாது.

2

இருந்தாலும் முயன்றேன்.

முதல் தொடக்கம்: “கொடிகள் படர்ந்தது போல் வார்க்கப்பட்ட இரும்புத் தூண்கள், செந்நிறமும் வெண்ணெய் நிறமும் பூசி...” (நிறுத்திவிட்டேன். பெயிண்ட் கடைக்காரர் எழுதியது போல இருந்தது.)

இரண்டாவது: “மாலை வெயில் கண்ணாடிக் கூரையின் வழியாக இறங்கி...” (அன்று மழை. ஜூன் முழுக்கவே மழை.)

மூன்றாவது: “ஹேசல் அவனுக்காகக் காத்திருந்தாள்.” (மூன்று தவறுகள். கிளைவுக்கு எழுபது வயது, ‘அவன்’ ஆகாது. ஹேசலும் ‘அவள்’ ஆகமாட்டார். தவிர, காத்திருந்தது கிளைவ்.)

பார்த்தீர்களா? பத்திக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். இனி துரத்த முடியாது.

3

நடந்தது இதுதான். ஜூன் நடுவில் எங்கள் ஜெரேனியம் செடிகள் அழுக ஆரம்பித்தன. இலைகள் மஞ்சளாகி, தண்டு கறுத்து, தொட்டிக்குள் விரலை விட்டால் சேறு. நடுவர் வரவிருக்கும் நேரத்தில் இரண்டு பிளாட்பாரங்களிலும் செடிகள் மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தன.

எங்கள் குழுவில் தண்ணீர் ஊற்ற முறை உண்டு. செவ்வாயும் சனியும், காலையில் மட்டும். மழை பெய்தால் அதுவும் கிடையாது. அதை மீறுவது, இந்த ஊரில், வரிசையில் இடையே புகுவதற்குச் சமம்.

“யாரோ வியாழக்கிழமை சாயங்காலம் ஊத்தறாங்க,” என்றார் பெவர்லி. வெள்ளிக்கிழமைதோறும் சேறு அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். “பக்கத்து ஊர்க்காரங்க வேலையா இருக்குமோ?”

பக்கத்து ஊரும் போட்டியில் இருக்கிறது.

ஆனால் எனக்குத் தெரியும்.* வியாழன் மாலை லீட்ஸ் நகரத்திலிருந்து வரும் ரயிலில் நானும் வேலை முடிந்து திரும்புகிறவள். அதே ரயிலில்தான் ஹேசலும் இறங்குவார்; லீட்ஸில் பாட்டு கிளாஸ் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இரண்டாம் பிளாட்பாரம். ஊர் இருப்பது முதலாம் பிளாட்பாரத்துப் பக்கம். நடைபாலத்தில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். எல்லோரும் பாலத்துக்கு விரைவார்கள். ஹேசல் மட்டும் தொட்டியருகே இருக்கும் பூவாளியை எடுத்து, கொட்டும் மழையில், நிதானமாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பிப்பார்.

எதிர்ப் பிளாட்பாரத்தில் இன்னொரு பூவாளியுடன் கிளைவ் நிற்பார். அவரும் மழையில்தான். தொட்டியைப் பார்க்காமல் பாலத்தையே பார்த்தபடி ஊற்றுவார். பாதித் தண்ணீர் அவருடைய ஷூவில்.

* அடிக்குறிப்பு: பெவர்லி கேட்டபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறீர்களா? என் தொழில் அப்படி. காதலாக இருக்கலாம் என்று தோன்றியதும் நான் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

4

காதலாக இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கிளைவ் மனைவியை இழந்தவர். ஹேசல் விவாகரத்தாகி, அதைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசுகிறவர். என் வழக்கமான நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? அத்தியாயங்களைக்கூடப் பிரித்துவிட்டேன்.

அப்புறம் ஒரு வியாழன் இரவு உணவுக்கு ஹேசல் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய கன்னத்தில் ஒரு மஞ்சள் கோடு.

“என்ன ஹேசல், எங்க மதுரைக்காரி மாதிரி மஞ்சள் பூசிட்டு வந்திருக்கீங்க?”

அவர் கன்னத்தைத் தேய்த்தார். “கண்ணுல விடற சொட்டு மருந்து. ஒழுகிடுச்சு.” பிறகு, ஏதோ பல் விளக்குவதைச் சொல்வது போல, “லீட்ஸ்ல ஊசி போடறாங்க. கண்ணுக்குள்ளயே,” என்றார்.

நான் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டேன்.

“பயப்படாத. வலிக்காது. போட்டப்புறம் எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனா அந்தப் பாலத்துப் படி இருக்கே, இறங்கறப்போ எது படி எது நிழல்னு தெரியமாட்டேங்குது. அதான் கொஞ்ச நேரம் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு நிக்கறேன். பார்வை கொஞ்சம் சரியாகட்டும்னு.”

“நான் அதே ரயில்லதானே வரேன்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“நீ வீட்டுக்கு ஓடறவ. பிள்ளைங்க இருக்கு.”

“ஆஸ்பத்திரியில தனியாவா விடறாங்க?”

“துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றாங்க. வெளியில நிக்கறாங்கன்னு பொய் சொல்லிடுவேன்.” தட்டில் இருந்த சாதத்தை ஒதுக்கினார். “இனிமே போக வேண்டாம்னு இருக்கேன் கோமி. போன வாட்டி நடுப் படியில உட்கார்ந்துட்டேன்.”

“நிறுத்தினா?”

“இந்தக் கண்ணு போயிடும்னு டாக்டர் சொல்றார். இன்னொண்ணு இருக்கே.”

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “கிளைவைக் கூப்பிடலாமே?”

“அந்த மனுஷனையா? முதுகு வலியோட? தொந்தரவு கொடுக்கறதா? நீ சொல்லவும் கூடாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். என் அத்தியாயங்கள் எல்லாம் அடுப்புக்குப் போயின.

5

இங்கே கிளைவ் மீது எனக்குச் சந்தேகம் வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். கண்ணுக்கு நேராக ஒருத்தர் தடுமாறுகிறார். பாலம் ஏறிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவதற்கு என்ன? என் அக்கா மதுரையிலிருந்து போனில் இதைக் கேட்டுவிட்டு, “அந்த ஆளுக்கு இதயம் இருக்கா, இல்ல அதுக்கும் பெயிண்ட் அடிச்சுட்டாரா?” என்றாள்.

எனக்கும் இங்கே வந்த முதல் சில வருடங்கள் இது புரிந்ததில்லை. இந்த ஊரில் கேட்காமல் உதவினால், ‘உன் தடுமாற்றத்தை நான் பார்த்துவிட்டேன்’ என்று அறிவிப்பது போல ஆகிவிடும். கிளைவ் அதைச் செய்யமாட்டார். கேட்டால் இமயமலையைத் தூக்கிக்கொண்டு வருவார். கேட்கவில்லையென்றால், ஹேசல் பத்திரமாகப் படி இறங்கும் வரை பூவாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஹேசலோ கேட்கமாட்டார்.

(இடையில் ஒன்று. ஸ்டேஷனின் அழகு என்ன என்று அந்தப் பத்திக்காக யோசித்தபடியே இருந்தேன். தூண், கூரை, கடிகாரம் எல்லாம் இருக்கட்டும். ஒரு மனிதர் சும்மா நிற்கலாம், ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்ற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? கடைவாசலில் நின்றால் கேட்பார்கள். ஒருவர் வீட்டு வாசலில் நின்றால் நிச்சயம் கேட்பார்கள். பிளாட்பாரத்தில் நின்றால், ரயிலுக்கு நிற்கிறார் என்று உலகமே உங்களுக்காகப் பொய் சொல்லும். கூச்சப்படுகிறவர்களுக்காகவே கட்டிய கட்டடம். ஆனால் இவர்கள் இரண்டு பேருக்கும் அதுவும் போதவில்லை. கையில் பூவாளியும் வேண்டியிருந்தது.)

6

முடிவுகள்.

(அ) ஹேசல் படியில் தடுக்கி விழ, கிளைவ் ஓடிவந்து தாங்குகிறார். மழை. என் பதிப்பாளருக்குப் பிடிக்கும். ஆனால் எழுபது வயதுக்காரர் பாலம் ஏறி ஓடி வருவதற்குள் ஹேசல் எத்தனை படி உருண்டிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். வேண்டாம்.

(ஆ) நான் சத்தியத்தை மீறிக் கிளைவிடம் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அவருடைய வீட்டு மணியில் விரலை வைத்தும் விட்டேன். அவர் கதவைத் திறந்தார். “பெயிண்ட் ஏதாவது மிச்சம் இருக்கா?” என்று கேட்டு, தேவையில்லாத ஒரு டப்பாவுடன் திரும்பினேன்.

(இ) நடுவர் வந்து, எல்லாவற்றையும் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு...

இல்லை. நடுவர் வருவதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அடுத்த ஊசிக்கு இரண்டு நாள். அதற்கு முன்பு நடந்தது குழுக் கூட்டம் மட்டும்தான்.

7

வெயிட்டிங் ரூமில் கூடினோம். தேநீரும் எலுமிச்சை கேக்கும் இருந்தன. மேசை நடுவே, பிணத்தைக் கிடத்தியது போல், ஒரு செத்த ஜெரேனியம்.

“யார்னு கேட்கமாட்டேன்,” என்றார் பெவர்லி. “ஆனா யாரு?”

நான் கேக்கை ஆராய்ந்தேன்.

“நான்தான்,” என்றார் கிளைவ்.

“கிளைவ்! நீயா? முறைப் பட்டியலே நீ போட்டதுதானே!”

“நானும்தான்,” என்றார் ஹேசல்.

பெவர்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருமா? மழையிலயா? ஏன் கண்ணுங்களா?”

“வெயில் ஜாஸ்தியா இருந்துச்சு,” என்றார் கிளைவ்.

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய கழுத்து சிவந்து, காது வரை ஏறியது. எழுபது வயது மனிதர், ஏணியில் நின்று கூரை முழுவதையும் அழகாக்கியவர், எல்லோர் முன்னிலும் ஒரு அசட்டுப் பொய்யைச் சொல்லிவிட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.

ஹேசல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கண்ணால், தலையைக் கொஞ்சம் சாய்த்து. இத்தனை வியாழக்கிழமைகளில் எதிர்ப் பிளாட்பாரத்தில் மங்கலாகத் தெரிந்த உருவம் எதற்காக அங்கே நின்றது என்று அந்த நொடியில்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். (புரிந்தது என்று எழுத எனக்கு உரிமையில்லை. முகத்தைத்தான் பார்த்தேன்.)

கோப்பையைக் கீழே வைத்தார். தட்டில் சரியாக உட்காரவில்லை, கொஞ்சம் சிந்தியது. துடைக்கவில்லை. இந்த ஊரில் அது பெரிய விஷயம்.

அடுத்து ஹேசல் கேட்டதற்குக் கிளைவ் என்ன பதில் சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. பக்கத்தில் இருந்து கேட்டேன், ஆனாலும் எழுதமாட்டேன். இவ்வளவு தூரம் கூட வந்த உங்களுக்கு அவரைத் தெரியும். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஹேசலின் பங்கை மட்டும், அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் திருத்தாமல் தருகிறேன்.

“கிளைவ், வியாழக்கிழமை நான் பாட்டு கிளாஸுக்குப் போகல. கண்ணுல ஊசி போட்டுக்கப் போறேன். திரும்பி வர்றப்போ படி தெரியமாட்டேங்குது, பயமா இருக்கு. நாளைக்கழிச்சு என்கூட வரியாப்பா?”