ரெக்ஸன் தூக்குன பந்து

ரெக்ஸன் தூக்கிவிட்ட பந்து இன்னும் கீழ வரல. அதுக்குள்ள அவனுக்கு மஸ்கட் விசா வந்துருச்சு.

வாலிபால் மேட்ச் நடுவுல ஊர விட்டுப் போலாமான்னு அம்பயர்ட்ட கேட்டான். அம்பயர் தங்கப்பழம் சார். ஸ்கூல்ல பீட்டி வாத்தியார். வலை ஓரத்துல, ஒசரமான ஸ்டூல் மேல, விசில வாய்ல வச்சுட்டு உக்காந்திருந்தாரு. பந்து ஆட்டத்துல இருக்கதால விசில எடுக்க முடியாது. ஊதவும் கூடாது. ஊதுனா ஆட்டம் நின்னுரும். அதனால விசிலுக்கு ஓரமாத்தான் பேசுவாரு. தும்மல் வந்துரக் கூடாதுன்னு அவரு வீட்ல ரசத்துக்கு மொளகு போடுறத நிப்பாட்டிட்டாங்க.

"கடைசியாத் தொட்டது நீதான?"

"ஆமா சார்."

"அப்ப அடுத்து நீ தொடக் கூடாது. ஒரே ஆளு அடுத்தடுத்து ரெண்டு வாட்டி தொட்டா பவுல். இங்க நின்னு என்ன செய்யப் போற? போய்ட்டு வா."

"என் எடம் காலியா இருக்குமே சார். ஆறு பேரு இருக்கணும்லா?"

சார் குனிஞ்சு கோட்டுக்கு வெளிய பாத்தாரு.

"அது யாரு செருப்பு?"

"என்னுது சார்."

"எடுத்து உள்ள வை."

பின்வரிசைல எடது மூலை ரெக்ஸனோட எடம். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ரெண்டையும் அங்கன ஜோடியா வச்சான். மண்ணு கோர்ட்ல எல்லாரும் வெறுங்கால்லதான் ஆடுவாங்க, அதனால செருப்பு அவ்வளவா தேயல. அப்பறம் புது ஷூவ மாட்டிக்கிட்டு ஏர்போர்ட் போனான்.

வெவரம் இதான். தூத்துக்குடில ஜெயிக்கிற கிளப்பு மண்டலப் போட்டிக்குப் போவும். மண்டலம் திருநெல்வேலில. எல்லாரும் பத்தொம்பது வயசுக்குள்ள இருக்கணும். பைனல் ஆடுற அன்னைக்கு என்ன வயசோ அதான் கணக்கு. பைனல்ல கடலலை கிளப்பும் மின்னல் கிளப்பும் மோதுனாங்க. ரெக்ஸன் கடலலை. மின்னல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அஞ்சாவது செட்டு, பதினாலுக்குப் பதினாலு. ரெண்டு பாயின்ட் வித்தியாசம் வேணும்கிற பேச்செல்லாம் அங்க கெடையாது, இருட்டிரும். அடுத்த பாயின்ட் எடுக்கிறவன் திருநெல்வேலி.

மின்னல்காரன் வேகமா ஒண்ணு அடிச்சான். ரெக்ஸன் ரெண்டு கையையும் சேத்து, முட்டிய மடக்கி, முழங்கைக்குக் கீழ வாங்கித் தூக்குனான். பந்து மேல போச்சு. எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க.

இன்னும் பாத்துட்டு இருக்காங்க.

பந்து விழாததால மேட்ச் முடியல. மேட்ச் முடியாததால அந்த நாளும் முடியல. உப்பு லாரி நிக்கிற எடத்துலதான் கோர்ட்டு. அந்தக் கோர்ட்ல மட்டும் எப்பவும் சாயங்கால வெயில்தான். மழைக்காலத்துல அக்கம்பக்கத்துக்காரங்க கருவாட்டக் கொண்டு வந்து அங்க காயப்போட்டாங்க. பசங்க எல்லாருக்கும் அதே பதினெட்டு வயசு. கோட்டத் தாண்டிப் போன ரெக்ஸனுக்கு மட்டும் வயசு கூடிட்டே போச்சு. மீசை தடிச்சுது. முன்நெத்தில முடி பின்னால போச்சு.

மண்டலத்துல இருந்து வாராவாரம் போன் வரும்.

"பந்து விழுந்துச்சா?"

"இல்ல சார்."

"சரி. மத்த மாவட்டத்து டீமெல்லாம் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்காங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

மஸ்கட்ல ரெக்ஸனுக்கு ஒரு பெரிய கடையோட பார்க்கிங்ல ட்ராலி தள்ளுற வேலை. சனங்க சாமான் வாங்கிட்டு அங்கங்க விட்டுட்டுப் போற ட்ராலிய ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி, வரிசையாத் தள்ளிட்டு வரணும். தள்ளத் தள்ள வரிசை நீளும். முன்னாடி போற ட்ராலி எங்க போகுதுன்னு அவனுக்குத் தெரியாது. அது எங்கெங்கயோ சுத்தி, பின்பக்கமா வந்து அவன் முதுகுல இடிக்கும். இடிச்சா அன்னைக்கு வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

வேலை கஷ்டம் இல்ல. வானம்தான் கஷ்டம். அங்க வானம் ரொம்பப் பெருசா இருந்துச்சு. பந்து எங்கயாவது தெரியுதான்னு அண்ணாந்துட்டே தள்ளுவான். கார்ல இடிப்பான். கேரளாக்கார சூப்பர்வைசர் பிஜு சேட்டன் வருவாரு.

"எடா, மேல எந்தா நோக்குன்னே?"

"பந்து சேட்டா."

"எப்ப வரும்?"

"தெரியல."

"வந்தா பார்க்கிங் கோட்டுக்குள்ள வரணும். கோட்டு மேல நிக்கக் கூடாது."

ராத்திரி படுத்தா ரெக்ஸனுக்குக் கையில அந்தச் சத்தம் கேக்கும். கைக்குள்ளதான், காதுல இல்ல. பந்து தோல்ல படும்போது வர்ற 'தப்'புங்கிற சத்தம். உப்புத்தூசி ஒட்டுன கை. வேர்வை பட்டா எரியும். ஆட்டம் முடிஞ்சு ஆறு பேரும் ஒரே கொடத்துத் தண்ணிய மாத்தி மாத்தி அண்ணாந்து குடிப்பாங்க. கடைசி ஆளுக்கு மூஞ்சி கழுவத்தான் மிஞ்சும். அந்தக் கடைசி ஆளு எப்பவும் லூர்துதான். லூர்து செட்டர். பந்த விரல் நுனில வாங்கி அடிக்கிறவனுக்கு எடுத்துக் குடுக்குறவன். தண்ணியையும் அப்படித்தான் குடுத்துட்டு நிப்பான்.

வெள்ளிக்கிழமைன்னா அம்மாவுக்கு போன் போடுவான்.

"பந்து வந்துச்சாம்மா?"

"இல்ல எய்யா. உன் செருப்புல தூசி அடைஞ்சிருந்துச்சு, தொடச்சு வச்சேன். சாப்ட்டியா?"

அது போதும் அவனுக்கு. பந்து மேல இருக்க வரைக்கும் அவன் எடம் கீழ இருக்கு.

அப்பறம் ஒருநாள் பார்க்கிங்ல ஒரு நெழல் வந்துச்சு. வட்டமா, சின்னதா. முதல்ல யாரும் கண்டுக்கல. கொஞ்ச கொஞ்சமா ஒரு கார் நிக்கிற அளவுக்கு வளந்துச்சு. பிஜு சேட்டன் அதச் சுத்தி கயிறு கட்டுனாரு. ரெக்ஸன் அண்ணாந்து பாத்தான். பந்து. கண்ணக் கூசுது. ஆனாலும் அடையாளம் தெரிஞ்சுது. சைக்கிள் கடைல ஒட்டுன கருப்பு ஒட்டு, காது மாதிரி, அப்படியே இருந்துச்சு.

ஒடனே அம்மாவுக்கு போன் போட்டான்.

"எம்மா, பந்து இங்கன வருது!"

"தெரியும் எய்யா. மேக்க சாஞ்சு போவுதுன்னு லூர்துதான் மொதல்ல பாத்தான். கோர்ட்டுக்கு வெளிய போனாலும் ஓடிப்போய் எடுக்கலாம்லா. பயலுவ ஓடிட்டு இருக்கானுவ."

"எங்க?"

"அங்கதான். உன் செருப்பையும் எடுத்துட்டுப் போயிருக்கானுவ. சாப்ட்டியா?"

அவன் போன வைக்கும்போதே வந்துட்டாங்க. அஞ்சு பேரு. மஞ்சள் பனியன், முதுகுல நம்பர், முட்டி வரைக்கும் உப்பு. நாலு பேரு ஸ்டூலத் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. ஸ்டூல் மேல தங்கப்பழம் சார், விசிலோட. முன்னால லூர்து அண்ணாந்தபடியே ஓடி வந்தான். அவன் கக்கத்துல ரெக்ஸனோட செருப்பு.

பார்க்கிங் கேட்டுல டோக்கன் மிஷின் ஒரே ஒரு டோக்கன்தான் குடுத்துச்சு. ஸ்டூலுக்கு நாலு கால் இருக்கதால அத வண்டின்னு எடுத்துக்கிடுச்சு. கீழ எறக்குன ஸ்டூலையும், அத உள்ள இழுத்த லூர்தையும் மட்டும் விட்டுச்சு. மத்தவங்க முன்னால கட்டை எறங்கிருச்சு. கேப்டன் சுடலைமணி வெளிய மாட்டிக்கிட்டான். அவன்தான் டீமுக்கு அடிக்கிறவன். கட்டையப் புடிச்சுட்டு எட்டிப் பாத்தான்.

"ஏல ரெக்ஸா! என்னல, தாய்மாமன் மாதிரி ஆயிட்ட?"

"நீ அப்படியே இருக்கியே மக்கா."

"எங்களுக்கு இன்னும் அன்னைக்குதாம்ல."

"எப்படி வந்தீங்க?"

"ஓடித்தான். கொச்சி வரைக்கும் ரோடு நல்லா இருந்துச்சு. அதுக்கு மேல கொஞ்சம் ஈரம்."

லூர்து செருப்ப ஜோடியாக் கீழ வச்சான். நெழலு நடுவுல போய் நின்னு ரெண்டு கையையும் தூக்குனான். பத்து விரலும் விரிஞ்சுது. போற போக்குல ரெக்ஸனப் பாத்து ஒரு தரம் சிரிச்சான். 

ரெக்ஸன் ஸ்டூல் பக்கத்துல போனான்.

"சார், இது கீழ விழுந்தா?"

"மின்னலுக்குப் பாயின்ட். அவங்க திருநெல்வேலி போவாங்க."

"நாம அடிச்சு அவங்க பக்கம் விழுந்தா?"

"கடலலை போவும்."

"கடலலைன்னா நானும்தான சார்?"

சார் விசில ஒரு கடவாய்ல இருந்து இன்னொரு கடவாய்க்கு மாத்துனாரு.

"பந்து விழுந்துட்டா மேட்ச் முடிஞ்சுது. முடிஞ்சா அவங்கவங்க செருப்ப எடுத்துட்டுக் கெளம்பிரணும். மண்டலத்துல செருப்ப ஒத்துக்க மாட்டாங்க. ஆளுதான் வேணும். உனக்கு வயசு கூடிருச்சு."

"அப்ப என் எடம்?"

"புதுப்பையன் ஒருத்தன் வருவான்."

ஜெயிச்சாலும் செருப்ப எடுத்துருவாங்க. தோத்தாலும் எடுத்துருவாங்க. 

பந்து வந்துச்சு. பார்க்கிங்ல இருந்த கார் எல்லாம் ஒரு தடவ லேசா அமுங்கி எழுந்துச்சு. லூர்து விரல்ல பந்து ஒரு சத்தமும் இல்லாம உக்காந்துச்சு. ஒரு கண்ணாடி டம்ளர மேசைல வைக்கிற மாதிரி அத எடுத்து மறுபடி மேல வச்சான். ரெண்டாவது தொடல் முடிஞ்சுது. ஒரு பக்கம் மூணு தடவதான் தொடலாம், இனி ஒண்ணுதான் பாக்கி. அதுல வலையத் தாண்டணும். வலை தூத்துக்குடில இருக்கு.

சுடலைமணி குதிக்கப் பாத்தான். கட்டைல தலை இடிச்சுது.

"ரெக்ஸா! நடுவுல லூர்து தொட்டுட்டாம்லா? இப்ப நீ தொடலாம்ல! அடில!"

ரெக்ஸன் சாரப் பாத்தான்.

"செருப்பு மேல நின்னா அடிக்கலாம்," அப்படின்னாரு சார். "செருப்புக்குப் பதினெட்டுதான்."

ரெக்ஸன் ஷூவக் கழட்டுனான். சாக்ஸக் கழட்டுனான். செருப்பு மேல ஏறி நின்னான். அஞ்சு விரலோட பள்ளமும் அப்படியே இருந்துச்சு. கால் வச்ச ஒடனே அந்தச் சின்ன எடத்துல மட்டும் சாயங்கால வெயில் அடிச்சுது. கருவாட்டு வாசம் வந்துச்சு.

"தாழ்வா அடி!" சுடலைமணி கத்துனான். "வலைக்கு மேல ஒரு சாண் போதும்! இருட்டுறதுக்குள்ள முடிஞ்சிரும்! பஸ் புடிச்சு திருநெல்வேலி போயிரலாம்ல!"

"ட்ராலி எவிடே?" அப்படின்னாரு பிஜு சேட்டன்.

தாழ்வா அடிக்க ரெக்ஸனுக்குத் தெரியும். நல்லாவே தெரியும். கைய ஓங்குனான். பந்துல இருக்க கருப்பு ஒட்டு அவன் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு.

ஓங்குன கைய எறக்குனான். ரெண்டு கையையும் சேத்தான். முட்டிய மடக்குனான். தூக்குனான்.

தப்.

பந்து மேல போச்சு. கெழக்க கொஞ்சம் சாஞ்ச மாதிரி, ஆனா மேல. எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. பிஜு சேட்டனும் பாத்தாரு. நெழல் சுருங்கி, பொட்டு மாதிரி ஆயி, இல்லாமப் போச்சு.

"ஏல," அப்படின்னான் சுடலைமணி. "என்னல இப்படிப் பண்ணிட்ட?"

"வலையத் தாண்டிரும்."

"எப்ப?"

"தாண்டும்ல."

சுடலைமணி கட்டைல நாடிய வச்சுட்டு ரொம்ப நேரம் மேல பாத்தான். திட்டப் போறான்னு ரெக்ஸன் நெனச்சான்.

"நல்ல ஒசரம்லா," அப்படின்னான் லூர்து. அன்னைக்கு அவன் பேசுனது அது ஒண்ணுதான்.

"ஒசரந்தான், சவம்," அப்படின்னான் சுடலைமணி. அவன் மூஞ்சி கொஞ்சம் லேசாயிருச்சு. "சரி, நிக்காதீங்கல. ஓடுங்க. டோக்கனுக்குக் காசு கேட்டுறப் போறான்."

ரெக்ஸன் செருப்ப விட்டு எறங்குனான். லூர்து அத எடுத்துக் கக்கத்துல வச்சான். கட்டை தானா மேல ஏறுச்சு. நாலு பேரு ஸ்டூலத் தூக்குனாங்க. சார் போற போக்குல கைய மட்டும் ஆட்டுனாரு. மஞ்சள் பனியன் அஞ்சும் ரோட்டுல போய், வளைவுல திரும்பி, கடலப் பாக்கப் போச்சு.

ரெக்ஸன் திரும்பிப் பாத்தான். ட்ராலி வரிசைக்குப் பின்னால அவனோட ஷூ ரெண்டும் ஜோடியா நின்னுச்சு.

"நீ இல்லாத நேரத்துல ஷூதான் நின்னுச்சு," அப்படின்னாரு பிஜு சேட்டன். "நிக்கட்டும். இன்னைக்கு அது மதி, போதும்."

அப்பதான் முதல் ட்ராலி பின்னால வந்து அவன் முதுகுல லேசா இடிச்சுது.

வெறுங்கால்லயே நின்னு அம்மாவுக்கு போன் போட்டான்.

"பயலுவ வந்து சேந்துட்டானுவளாம்மா?"

"இப்பத்தான் எய்யா வந்தானுவ. தண்ணி குடிச்சுட்டு இருக்கானுவ. லூர்துக்குத்தான் வழக்கம்போல இல்ல."

"மின்னல்காரனுவ?"

"கையத் தூக்கிட்டு நிக்கானுவ."

"பந்து?"

"இன்னும் வரல. மேலதான் பாத்துட்டு இருக்கோம்."

 அம்மா பக்கத்துல யாரோ கருவாட்டத் திருப்பிப் போடுற சத்தம் கேட்டுச்சு.

"செருப்ப எடத்துல வச்சாச்சாம்மா?"

"நாந்தான் வச்சேன். கோட்ட மிதிக்காமத்தான் வச்சேன்," அப்படின்னா அம்மா. அப்பறம் கொரல எறக்கி, பக்கத்துல இருக்கவங்களுக்குக் கேக்காம சொன்னா. "எய்யா, தொட்டுப் பாத்தேன். இன்னும் சூடா இருக்கு."