ஒரே ஒரு வாசல்

ஸ்கந்தபுரத்திலிருந்து விடியமுன் வெளிக்கிட்ட பஸ், எட்டு மணித்தியாலம் எங்களைக் குலுக்கியெடுத்து ஒரு மலையடியில் கொண்டுவந்து இறக்கியது. கமக்காரர் அமைப்பின் சுற்றுலா. வயலுக்குத் தண்ணீர் கட்டவேண்டும் என்று சொல்லி என் மனுசன் தப்பிவிட்டார். கால் இரண்டும் வீங்கி, எங்காவது குந்த ஒரு கதிரை கிடைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. சோதினை முடித்த களிப்பில் மகள் தேனுகா என் கையை விடவில்லை. நிலத்துக்குக் கீழே ஒரு மைல் தூரம் போகிற குகையாம். இரண்டு மாதமாக இதே கதைதான்.

குகை வாயிலில் நின்ற வழிகாட்டியிடம் பக்கத்து வீட்டு விமலேஸ்வரி அக்கா கேட்டார். "தம்பி, மற்ற வாசல் எங்கால?"

"ஒரு வாசல்தான் அம்மா. போற வழிதான் வாற வழி."

அவ்வளவுதான். முப்பது வயதைத் தாண்டிய அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டோம். சண்டைக்காலத்தில் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினால் இரண்டு வாசல் வைப்போம். ஒன்று மண் மூடிப்போனால் மற்றதால் வெளியே வரலாம்.

"கோதாரி, ஒரு வாசலை வச்சுக்கொண்டு என்னத்துக்கு ஆக்களைக் கூப்பிடுறாங்கள்?" அக்கா படியிலேயே குந்திவிட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தேனுகா சிரிக்கவில்லை. "கைக்குழந்தையா உங்களோட பங்கருக்குள்ள இருந்தனான் எண்டு சொல்லுவீங்கள். எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. ஒருக்கா வாங்கோ அம்மா. நீங்கள் வராட்டி நானும் போகேல்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. எதை ஞாபகம் வைக்க ஆசைப்படுகிறாள் இந்த விசரி? மூன்று மாதம் மண்ணுக்குள் கிடந்த களைப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முகம் தொங்கிப் போய், பஸ் பக்கம் திரும்பிவிட்டாள். என் பயத்துக்காக இவள் விட்டுக்கொடுத்தது கொஞ்சமா? கடலில் கால் நனைக்கக்கூட நான் விட்டதில்லை.

"சரி, நட," என்றேன்.

ஈரமண் வாசம் மூக்கில் ஏறியது. நிலத்தை மட்டும் பார்த்து, அவள் சட்டையைப் பிடித்தபடி நடந்தேன். எத்தனை வளைவு கடந்தோமோ தெரியாது. நிமிர்ந்துதான் நடக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"அம்மா, ஏன் குனிஞ்சு நடக்கிறீங்கள்? மேல பாருங்கோ. தென்னைமரம் நட்டாலும் முட்டாது."

பார்த்தால், முதுகு வளைந்து கிடக்கிறது. ஒரு கை தலையில். மற்றக் கை, பிள்ளை ஏந்தினதுபோல் நெஞ்சோடு மடங்கியிருந்தது. நிமிரப் பார்த்தேன். முடியவில்லை. வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

"ஏலாமக் கிடக்கு, பிள்ளை."

பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தேனுகா என் மடங்கின கையைப் பார்த்தாள். பிறகு, என்னைவிட உயரமான அந்தப் பிள்ளை, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, மடங்கியிருந்த என் கைக்குள் நுழைந்து, தானும் குனிந்தபடி நடக்கத் தொடங்கினாள்.