வாய்க்காரரின் பாரம்

இடுப்பு முறிந்த பிறகு வாய்க்காரர் எந்தச் சாமானையும் தொட்டதில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் நின்று பேசினால் சாமான்கள் எடை குறைந்தன. வீடு மாற்றுபவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை தராசிலும் வைத்துப் பார்த்தார்கள். அவர் பேசப் பேச, இரும்பு பீரோ பாதி எடைக்கு இறங்கியது. அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. முட்டி வலிக்காரரிடம், அந்த முட்டி நேற்று எத்தனை மாடி ஏறியது என்பதை நினைவூட்டுவார். கோட்டான் என்று பெயரெடுத்த, வாயே திறக்காத ஆளிடம், நீ பின்னால் இருக்கிறாய், எனக்குப் பயமில்லை என்பார். அவ்வளவுதான். சாமான் தூக்கும் ஆட்கள் நால்வரும் பூக்கூடை தூக்குவதுபோல் ஏறிவிடுவார்கள்.

முதலாளியின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்தார். கெட்டவர் அல்ல, கணக்குப் பார்க்கிறவர். தூக்காத ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டு, வாய்க்காரரை வீட்டுக்கு அனுப்பினார். அந்த வாரமே ஒரு பியானோ மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. குடியிருந்தவர்கள் அதன்மேல் ஈரத்துண்டு காயப்போடத் தொடங்கினார்கள்.

வீட்டிலிருந்த வாய்க்காரர் பேச்சை நிறுத்தினார். உடம்பு கனக்கத் தொடங்கியது. முதலில் கட்டில் கால்கள் வளைந்தன. பிறகு சிமென்ட் தரையில் அவர் செருப்புத் தடம் பதிந்தது. தரை சரிந்ததால் அவர் மனைவி தையல் மெஷினை அடுத்த அறைக்கு நகர்த்திக்கொண்டார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். தான் இனி எல்லோருக்கும் பாரம்தான் என்று வாய்க்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை. மனைவி நால்வரையும் வரவழைத்தார்.

நாற்காலியோடு தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இத்தனை வருஷம் அவர் உங்களுக்குச் சொன்னாரே," என்றார் மனைவி. "நீங்க ஒரு வார்த்தை அவருக்குச் சொன்னதுண்டா?"

மூவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோட்டான்தான் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, அன்னிக்கு மாடியில என் கை நழுவிச்சே. எல்லாரும் கீழ பார்த்தாங்க. நீங்க மட்டும் என்னைப் பார்த்து, 'நீ விட மாட்டே, எனக்குத் தெரியும்'னீங்க. அதுக்கப்புறம்தான் நான் இறுக்கிப் பிடிச்சேன்."

நாற்காலி கிறீச்சிட்டது.

"எனக்கு அது தெரியாதேடா," என்றார் வாய்க்காரர்.

பிறகு மற்றவர்களும் திக்கித் திணறி ஆளுக்கொன்று சொன்னார்கள். மதியத்துக்குள் அவர் எழுந்து நின்று, சோறு கேட்டார்.

அடுத்த நாள் ஐவருமாகப் போய்ப் பியானோவை இறக்கினார்கள். மருமகன் படிக்கட்டில் நின்று பார்த்தார். வாய்க்காரருக்குப் பழைய வேலையையே கொடுத்தார். இப்போது ஐவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள, நால்வரும் தூக்குகிறார்கள். கோட்டானின் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மட்டும், சாமான் கையைவிட்டுப் பறந்துவிடக் கூடாதே என்று, கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.